காலண்டரின் கீழ்த்துண்டு

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மிட்டாய் என்றைக்கும் கடையில் கிடைக்கும். இந்த ஊரை இந்த ஊராக ஆக்கிய வேறு சில பொருட்கள் வாரத்துக்கு ஒரு மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் காலண்டர். தமிழ்நாட்டில் முப்பது நாற்பது வருஷப் பழைய பூஜை அறை எதற்குள் போனாலும், அங்கே இருக்கும் லட்சுமியோ முருகனோ மீனாட்சி கல்யாணமோ நம் ஊரில் வரையப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதற்குக் காரணமான ஓவியர் கொண்டைய ராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியபடியே ஊர் ஊராக வந்தவர் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். இங்கே வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களுக்குப் போய், காலண்டராக இந்தியா முழுக்கப் போயின. 1976இல் அவர் மறைந்தார். அவர் படங்களை வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

படமாவது தப்பிக்கிறது, சாமி படம் என்பதால் யாரும் கிழிக்க மாட்டார்கள். தப்பிக்காதது அதற்குக் கீழே இருக்கும் துண்டு. ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை, கமிஷன் மண்டி என்று கடையின் பெயர், தெருப் பெயர், மூன்று இலக்கத்தில் ஒரு போன் நம்பர், 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று ஒரு வரி. வருஷம் முடிந்ததும் படத்தைக் கண்ணாடி போட எடுத்துப் போவோம். கண்ணாடிக்கடைக்காரர் முதல் வேலையாகக் கீழே அளவுகோலை வைத்து அந்தத் துண்டை வெட்டிவிடுவார். "அண்ணாச்சி, அதை என்ன செய்வீங்க?" என்று ஒரு முறை கேட்டேன். "இதை வச்சு என்ன செய்ய தம்பி, குப்பைக்குத்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, சாமிக்குக் கீழே கமிஷன் மண்டி எதற்கு? ஆனால் நம் பஜாரில் எந்த வருஷம் எந்தக் கடை இருந்தது, பருத்தி வியாபாரம் எந்தத் தெருவில் நடந்தது என்பதற்கெல்லாம் அந்தத் துண்டைவிட நல்ல சாட்சி கிடையாது. லட்சுமி படம் எங்கேயும் கிடைக்கும். அந்தத் துண்டு போனால் போனதுதான்.

அப்புறம் தீப்பெட்டி லேபிள். 1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். மழையை நம்ப முடியாத கரிசல் காட்டில் அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. நம் ஊரில் யாரும் ஃபேக்டரி என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு ஆபீசுக்கும் தனி லேபிள்: பூ, பழம், மிருகம், சாவி என்று ஏதாவது ஒரு படம். எழுத்துத் தெரியாதவர்கூட எந்த மாநிலத்திலும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கலாம். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத தாளில் நாலு கலரில் அச்சடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ஊர் பெயர். அந்தப் பொடி எழுத்தில்தான் கோவில்பட்டி என்ற பெயர் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போயிருக்கிறது.

லேபிள் சேகரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் ஆல்பத்தில் ஒட்டிய லேபிள் எனக்குப் போதவில்லை. அதைப் பெட்டியில் ஒட்டிய கை யாருடையது என்பதும் அதோடு சேர்ந்து வர வேண்டும். எங்கள் தெருவில் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. பசைச் சட்டியைச் சுற்றி அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. ஆபீசில் கொடுக்கும் சிட்டையில் தேதியும் குரோஸும் மட்டும் இருக்கும். அந்தச் சிட்டை ஒன்றாவது யாரிடமாவது இருக்கிறதா? ஒரு ஊரின் பெண்கள் உழைத்ததற்கு எழுத்தில் இருக்கும் அத்தாட்சி அநேகமாக அது ஒன்றுதான்.

இதையும் சொல்லாமல் விட முடியாது. குச்சி அடுக்கும் கட்டை தெரியும்தானே? பள்ளம் வெட்டிய சட்டங்களில் ஒவ்வொரு குச்சியாக வரிசை வைத்து, இறுக்கி, மருந்தில் முக்க அனுப்புவது. அதைச் சின்ன விரல்கள் வேகமாகச் செய்யும் என்று பிள்ளைகளை இருட்டு விடியும் முன்பே பஸ்ஸில் ஏற்றிப் போன காலம் ஒன்று உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது, 1996இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நாளைக்கே ஊரில் ஒரு காட்சியகம் அமைத்து, அழகழகான லேபிள்களை மாட்டிவிட்டு அந்தக் கட்டையை வைக்கவில்லை என்றால், அது விளம்பரம், வரலாறு இல்லை. அந்தக் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயதுக்காரர்களாக நம் நடுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

அவசரப்படக் காரணம் இருக்கிறது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2 ரூபாயானது 2021 டிசம்பரில், பதினான்கு வருஷம் விலை ஏறாமல் இருந்த பிறகு. மெஷினும் லைட்டரும் வந்தபின் கையால் செய்யும் ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மூடும் நாளில் ஷெட்டைக் காலிசெய்பவர் கட்டையை விறகுக்குப் போடுவார், மிச்ச லேபிளை எடைக்குப் போடுவார். அவருக்கு அன்றைய கவலை வேறு.

பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நகராட்சியோ நூலகமோ ஒரு அறையும் இரண்டு பீரோவும் கொடுத்தால் போதும். அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை இறக்கும்போது காலண்டர், லேபிள் கட்டு, சிட்டை, மொய் நோட்டு, கடைப் பில் எது கிடைத்தாலும், எடைக்குப் போடுமுன் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: யார் வீட்டில் இருந்தது, எந்தத் தெரு, யார் வேலை பார்த்தது. பேனா வேண்டாம், மை ஊறும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

வைக்க இடமில்லை என்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடிக்கடை அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், வெட்டும் துண்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை வந்து எடுத்துக்கொள்கிறேன்.