ஹேங்கிங் ராக் மாணவிகள் நிஜமாகவே காணாமல் போனார்களா?
1900இல் ஆஸ்திரேலியாவின் ஹேங்கிங் ராக் பாறைக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவிகள் நிஜமாகவே மாயமானார்கள், அதைத்தான் பீட்டர் வெயர் படமாக எடுத்தார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 1975இல் வந்த ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’, ஜோன் லிண்ட்சேயின் 1967ஆம் ஆண்டு நாவலின் படமாக்கம். விக்டோரியாவில் அந்தப் பாறை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் படத்தில் காலுறையைக் கழற்றிவிட்டு, மயக்கத்தில் நடப்பதுபோல் அதன்மேல் ஏறும் பெண்கள் கற்பனை.

படம் தொடங்கும்போதே ‘1900 பிப்ரவரி 14, சனிக்கிழமை’ என்று எழுத்து வரும். சரி, பழைய காலண்டரைப் புரட்டினால்? அன்று புதன்கிழமை! குழப்பத்தில் லிண்ட்சேக்கும் பங்குண்டு. நிஜமா கற்பனையா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும் என்று நாவலின் முகப்பிலேயே எழுதிவைத்தவர் அவர்தான்.