டீசல் மட்டும்தானாம்!

மஹிந்திரா தார் ஜீப்பை உசத்தி, பெரிய டயர் மாட்டி, காடு மேடெல்லாம் ஓட்டிக் காட்டுற அந்த ரீலைப் பார்க்காதவங்க இந்நேரம் யாரும் இருக்க மாட்டீங்க. "ஒரு தடவை செலவு பண்ணி செட் பண்ணிட்டா முடிஞ்சுது ப்ரோ, அப்புறம் டீசல் மட்டும்தான்." கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "டிஃபரென்ஷியல் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?" (ஆக்ஸில் நடுவுல இருந்து ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற கியர் பெட்டிதான் டிஃபரென்ஷியல்.) வந்த பதில்ல பாதியை இங்க எழுத முடியாது. மீதி, "அங்கிள், நீங்க போய் ஆல்டோ ஓட்டுங்க." ஓட்டுறேன் தம்பி, தாராளமா. கணக்கை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்.

டயர்லயிருந்தே வருவோம். புது தார்ல வர்ற 255/65 ஆர்18 டயரோட உயரம் சுமார் 31 இன்ச். அதைக் கழட்டிட்டு 33 போட்டா 6 சதவீதம் கூடுது. மீட்டர் 10,000 காட்டுறப்போ வண்டி நிஜமா 10,600 கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதனால ஒவ்வொரு சர்வீஸும் தள்ளித்தான் நடக்கும். கியரும் அதே அளவுக்கு உசந்த மாதிரி ஆயிடும். ஏத்தத்துல வண்டி திணறும், ஓட்டுறவர் பாதி கிளட்ச்லயே காலை வச்சு ஏத்துவார், கிளட்ச் பிளேட் கருகும். டயர் பெருசாச்சு, கனமாச்சு. பிரேக் மட்டும் பழைய பிரேக். பேட் சீக்கிரம் தீரத்தானே செய்யும்? ஸ்டெப்னியும் சேர்த்து சேத்துல ஓட்டுறதுக்கான முரட்டு டயர், அதாவது நல்ல எம்.டி. டயர் அஞ்சு வாங்கினாலே லட்சத்தைத் தொடும். அந்த டயர் தார் ரோட்டுல ஓடினா கடகடன்னு தேயும். காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி மணல்ல ஓட்டிட்டு, திரும்ப ஏத்தாம அப்படியே ஹைவேல 80-ல வந்தீங்கன்னா சைடுவால் சூடேறி உள்ளுக்குள்ளயே செத்துப்போகும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது.

டீசல் மட்டும்தானாம்!

அடுத்தது லிஃப்ட் கிட், வண்டியை உசத்துற சாமான். தாரோட முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். ஸ்பேசர் வச்சு 2 இன்ச் தூக்கினா சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஷாஃப்ட்டோட மூட்டு, அதாவது சி.வி. ஜாயிண்ட், எப்பவும் சாய்வாவே சுத்தும். அதை மூடியிருக்கிற ரப்பர் உறையோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும், க்ரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கிறப்போ 'டக் டக்'னு சத்தம் வந்தா ஜாயிண்டை மறந்துடுங்க. உறை கிழிஞ்ச அன்னிக்கே பார்த்திருந்தா புது உறையும் க்ரீஸும் போதும். விட்டீங்கன்னா முழு ஷாஃப்ட். ஜிம்னி மாதிரி முன்னாடி கட்டை ஆக்ஸில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்ஸில் சேர்க்கிற வண்டியில கதை வேற. தூக்கினதும் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங்கைத் தானா நேரா நிறுத்துற சாய்வு, குறையும். கூடவே ஆக்ஸிலைப் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பேன்ஹார்டு ராடோட புஷ், சக்கரம் திரும்புற இடத்துல இருக்கிற கிங்பின் பேரிங் தேஞ்சிருந்தா ஸ்டியரிங் கையிலயே நிக்காம உதறும். உடனே எல்லாரும் உதறலை அடக்குற ஸ்டியரிங் டேம்பரை மாத்துவாங்க. அது நோயை மறைக்குமே தவிர தீர்க்காது.

நான் கேட்ட ஆயில் கேள்விக்கு வர்றேன், யாரும் பதில் சொல்லாத கேள்வி. ஓடி ஓடி டிஃபரென்ஷியல் சூடா இருக்கும். அப்படியே ஆத்துல இறக்கினா ஹவுசிங் குளிர்ந்து உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். காத்து போய்வர்றதுக்கு வச்சிருக்கிற ஓட்டையான ப்ரீதர்ல சேறு அடைச்சிருந்தா, அந்த இழுப்புக்கு ஆயில் சீல் வழியா தண்ணி உள்ளே வரும். வீல் பேரிங்குக்கும் இதே கதிதான். அதனால தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிடணும். ப்ரீதர்ல ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோகணும், செலவு சில நூறு ரூபாய்தான். தண்ணியில போயிட்டு வந்த வண்டியை ராத்திரி முழுக்க நிக்கவிட்டு, காலையில முதல்ல ஆயில் ஊத்துற ஃபில்லர் பிளக்கைக் கழட்டுங்க. அது கழலாம ஆயிலை வடிக்கிற ட்ரெயின் பிளக்கைத் தொடாதீங்க, பழைய ஆயில் போனப்புறம் புதுசை ஊத்த வழியில்லாம நிப்பீங்க. அப்புறம் ட்ரெயின் பிளக்கை மெதுவா தளர்த்தினா, தண்ணி இருந்தா அதுதான் முதல்ல சொட்டும். ஆயில் கலங்கி டீ மாதிரி வந்தா முழுசா மாத்துங்க. காந்த பிளக்குல மை மாதிரி சாம்பல் பசை இருந்தா பயப்பட வேண்டாம். ஊசி ஊசியா துகள் ஒட்டியிருந்தா உள்ளே இருக்கிற க்ரௌன், பினியன் பல்சக்கரங்க போகப்போகுதுன்னு அர்த்தம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்‌ஷாப்ல ஒரு ஜிப்சியோட முன் ஹப்பைத் திறந்தாங்க. பேரிங் இருக்க வேண்டிய இடத்துல துருவும் களிமண்ணும் கலந்த குழம்புதான் இருந்தது. "போன மாசம்தான் வாட்டர் வாஷ் பண்ணேன்"னாராம் ஓனர். வாட்டர் வாஷ்!

"கம்பெனியே 650 மில்லிமீட்டர் தண்ணியில போகலாம்னு சொல்லுது"ம்பீங்க. சொல்லுதுதான். போயிட்டு வந்து எதையும் பார்க்க வேண்டாம்னு எங்கேயும் சொல்லலையே.

"மூணாறு பக்கத்துல சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் ஜீப்புங்க தினமும் ஏறுதே, அதுக்கு என்ன ஆச்சு?" இந்தக் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே வலிக்குது. சூரியநெல்லியில அந்த டிரைவர்ங்களைப் பார்த்திருக்கீங்களா? மிரட்டுற டயர் கிடையாது, சிக்கின வண்டியை இழுக்கிற விஞ்ச் கிடையாது. லோ கியர்ல நடந்துபோற வேகத்துல கல்லு கல்லா இறக்குவாங்க. ஸ்பிரிங் பட்டை ஒடியும், அதோட சென்டர் போல்ட் அறுபடும், ஷேக்கிள் புஷ் தேயும், ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற யூ.ஜே. கிராஸ் ஆடும். அவங்க அதைச் செலவுன்னு கணக்கு வச்சு, டூரிஸ்ட்கிட்ட வாங்குற வாடகையில இருந்துதான் எடுக்கிறாங்க. அந்த வாடகையைப் பார்த்துட்டு "இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவா, கொள்ளை"ன்னு கத்துறதும் நம்ம ஆளுங்கதான். அந்த டிரைவர்ங்களுக்கும் செலவு டீசல் மட்டும்தான்னு நம்ம ஆளுங்க நினைப்பு போல.

"காசு இருக்கு, செலவு பண்றான், உனக்கென்ன?" காசு இருக்கிறவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. இதைப் பார்த்துட்டு இஎம்ஐ-ல தார் எடுத்து, கடன் வாங்கி டயர் மாத்துற பையனைப் பத்தித்தான் பேசறேன். ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. மாத்தினதுக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம்னு 182ஏ சொல்லுது, ஜெயிலுக்கும் அதுல இடம் இருக்கு. இன்ஷூரன்ஸ்காரன் கிளெய்ம் நேரத்துல டயர் அளவைப் பார்த்தாலே போதும், கையை விரிக்கப் பார்ப்பான். இதெல்லாம் ரீல்ல வராது.

ஆனா எனக்கு ரொம்ப எரிஞ்சது இது எதுவும் இல்ல. ரீல்ல வந்த அதே வண்டி நேத்து விற்பனைக்கு வந்திருக்கு. "ஷோரூம் கண்டிஷன், லைட்டா ஆஃப்ரோடு." அடேயப்பா, லைட்டா! இப்படிப்பட்ட வண்டியை வாங்கப் போறவங்க பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, தண்ணி ஏறின வண்டின்னா உள்ளே சுருண்டிருந்த பகுதியில சேத்துக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில கார்ப்பெட்டைத் தூக்கி போல்ட் துருவைப் பாருங்க. ஷாக் அப்ஸார்பர் மவுண்ட் பக்கத்துல சேஸிஸ்ல புது வெல்டிங், புது கருப்பு பெயிண்ட் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் கதவைத் திறந்து ஸ்டெப்னியைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, கீல் விட்டிருந்தா அப்பவே தெரிஞ்சுடும்.

எந்தக் கடையில வாங்கலாம்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க. நான் பார்ட்ஸ் விக்கிறவன்னு அந்த ரீலுக்குக் கீழே ஏற்கெனவே ஒருத்தர் எழுதிட்டார். விக்கிறவனா இருந்தா "டீசல் மட்டும்தான் ப்ரோ"ன்னு நானும் சேர்ந்து கத்தியிருப்பேன், வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்.