முதல்ல பொயிலரைத் திறவுங்கோ

பழைய நீராவி ரெயின் எஞ்சினைத் திரும்ப ஓட்டலாம் எண்டு சொல்லுற அந்த வீடியோ உங்கள் எல்லாருக்கும் வந்திருக்கும். பழைய கரிக்கோச்சி எஞ்சினுக்குப் பளபளவெண்டு கறுப்புப் பெயின்ற். சில்லுக்குச் சிவப்பு. பக்கத்தில நிண்டு, "இனித் தண்ணி விட்டு நெருப்பு மூட்டினாச் சரி, அடுத்த பொங்கலுக்கு யாழ்ப்பாணம் கொண்டு வரலாம், இவ்வளவு காலமும் ஓடாமல் விட்டது வேக்ஷொப்பில இருந்தவையின்ர சோம்பல்" எண்டு பேச்சு. கீழ நூற்றுக்கணக்கான கைதட்டல்.

சோம்பல் எண்ட அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு நொந்தது.

நீராவி எஞ்சின் எண்டால் பொயிலர், தண்ணியைக் கொதிக்க வைச்சு நீராவி எடுக்கிற பெரிய இரும்புத் தொட்டி. சில்லு, கம்பி, புகைபோக்கி, விசில் எல்லாம் பிறகு. பொயிலரைத் திறந்து பார்க்காமல் அந்த எஞ்சின் ஓடும் எண்டோ ஓடாது எண்டோ ஒருத்தராலயும் சொல்லேலாது. அந்த வீடியோவில பொயிலரின்ர ஒரு மூடிகூடத் திறபடேல்லை.

திறக்கிறது எண்டால் என்ன? முதல்ல வெளித்தகட்டைக் கழட்ட வேணும். அதுக்குக் கீழ சூடு போகாமல் சுத்தின போர்வை இருக்கும். அந்தக் காலத்து எஞ்சினில அது பெரும்பாலும் நுரையீரலைக் கெடுக்கிற அஸ்பெஸ்ரஸ். வெறுங்கையால பிச்சு எறியிற சாமான் இல்லை, நனைச்சு, முகமூடியோட, தெரிஞ்ச ஆக்கள்தான் எடுக்க வேணும். பிறகு கழுவுற துவாரங்களைத் திறந்து அடியில கிடக்கிற சேற்றை எடுக்க வேணும். புகை போற ரியூப் எல்லாத்தையும் வெட்டி எடுத்தால்தான் உள்பக்கத் தகடு கண்ணுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு ஓரடிக்கு ஓரடி கட்டம் போட்டு, ஒலியலைக் கருவியால ஒவ்வொரு இடத்திலயும் தகட்டின்ர தடிப்பை அளந்து எழுத வேணும். வெளியில நல்ல இரும்பு மாதிரி இருக்கும், உள்ளுக்க குழிகுழியாத் தின்னுப்பட்டிருக்கும். பெயின்ற் அடிச்சால் அந்தக் குழி தெரியாமல் போகும், இல்லாமல் போகாது.

பிறகு ஸ்ரேபோல்ற். நெருப்பு எரியிற அறையையும் அதின்ர வெளிக்கூட்டையும் இழுத்துப் பிடிச்சிருக்கிற நூற்றுக்கணக்கான ஆணியள் அவை. ஒவ்வொண்டாச் சுத்தியலால தட்டிக் கேட்க வேணும். முழுசா இருந்தால் ஒரு சத்தம், உடைஞ்சிருந்தால் மந்தமான வேற சத்தம். அமெரிக்க விதி என்ன சொல்லுது தெரியுமோ? ரண்டடிக்குள்ள ரண்டு உடைஞ்சிருந்தால் எஞ்சினை ஓட்டக் கூடாது. முழு நெருப்பு அறையிலயும் ஐஞ்சு எண்டாலும் கூடாது. ஐஞ்சே ஐஞ்சு! வீடியோவில ஒருத்தராவது ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தவையோ?

இதெல்லாம் சரி வந்தால்தான் தண்ணி அழுத்தப் பரிசோதனை. சதுர அங்குலத்துக்கு 180 பவுண் அழுத்தத்தில வேலை செய்யிற பொயிலர் எண்டால் அதைவிடக் கால்வாசி கூட்டி, 225 வரைக்கும் ஏத்திப் பார்ப்பினம். தண்ணி வெதுவெதுப்பா இருக்க வேணும், குளிர்ந்த இரும்பு முறுகி வெடிக்கும். காத்தை அடைச்சு ஒருநாளும் சோதிக்கக் கூடாது. தண்ணி அமுங்காது, தகடு விட்டால் ஒழுகி நிண்டுடும். அமுக்கின காத்து விட்டால் குண்டுதான்.

"நீங்கள் எப்பவும் எதிர்மறையாத்தான் கதைப்பியள்" எண்டு உள்பெட்டியில ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நான் எஞ்சின் ஓட வேணும் எண்டு நினைக்கிறதாலதான் இவ்வளவும் எழுதுறன். 1902 இல காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில முதல் கோச்சி ஓடினது நீராவியிலதான். 1990 இல எங்கட பாதை செத்தது. 2014 ஒக்ரோபர் 13 அண்டு யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு ரெயின் திரும்பி வந்த நேரம் அழுத சனத்தை நீங்களும் பார்த்திருப்பியள். அந்தத் தண்டவாளத்தில ஒரு கரிக்கோச்சி புகை விட்டுக்கொண்டு வந்தால் எனக்குக் கசக்குமோ? அதுக்காகத்தான் சொல்லுறன், பொயிலரைத் திறவுங்கோ.

எங்கட ஊருக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு. வீட்டுக் கேத்திலின்ர மூடியைத் திறந்து பாருங்கோ. அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு மேல இருக்கிற ஊர், கிணத்துத் தண்ணி அப்பிடி. அதையே பொயிலருக்கு விட்டால் நெருப்பு அறையின்ர கூரைத் தகட்டில அந்த வெள்ளை படியும். படிவு சூட்டைத் தண்ணிக்கு விடாது, தகடு தன்ர சூட்டிலயே இளகும். 1995 ஜூன் 16 அண்டு அமெரிக்காவில கெற்றிஸ்பேர்க் பாதையில 1278 ஆம் இலக்க எஞ்சினில இதுக்குக் கிட்டத்தான் நடந்தது. தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக்குப் போற வழி படிவால அடைபட்டுப் போச்சு. உள்ளுக்குத் தண்ணி குறைஞ்சது ஓட்டினவைக்குத் தெரியேல்லை. கூரைத் தகடு கிழிஞ்சு மூண்டு பேர் எரிகாயப்பட்டவை. அதுக்குப் பிறகுதான் அங்க விதியையே மாத்தி எழுதினவை: 1,472 நாள் வேலை செய்தாலோ 15 வருசம் போனாலோ, எது முதல் வருதோ அண்டைக்குப் பொயிலரை முழுக்கத் திறக்க வேணும். 2001 இல ஒகாயோவில ஒரு கண்காட்சித் திடலில பழைய நீராவி உழவு எஞ்சின் வெடிச்சு ஐஞ்சு பேர் செத்தவை. அதுவும் வெளியில பார்க்க வடிவான எஞ்சின்தான். எங்கட ஆக்கள் திருவிழாக் கூட்டம் மாதிரிப் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில நிப்பினம். அதை நினைச்சால் எனக்கு நித்திரை வருகுதில்லை.

"வெளிநாட்டில செய்யினம்தானே?" செய்யினம். இங்கிலாந்தில ரொர்னேடோ எண்டு புதுசா ஒரு நீராவி எஞ்சின் கட்டினவை. 1990 இல துவங்கி 2008 இலதான் ஓடினது, பொயிலரை ஜேர்மனியில மைனிங்கனில செய்விச்சவை. இந்தியாவின்ர 1855 ஆம் ஆண்டு நீராவி எஞ்சின் பெயாரி குயின் 2011 இல களவு போன உதிரிப்பாகங்களால நிண்டுபோய், பெரம்பூர் வேக்ஷொப்பிலதான் திரும்ப உயிர் எடுத்தது. இஞ்ச கொழும்பு தெமட்டகொடையில 251 ஆம் இலக்க சேர் தோமஸ் மெயிட்லண்ட் எண்ட நீராவி எஞ்சின் இருக்கு. அதை ஓட்டுறவை நெருப்பு மூட்டினவுடன ஓட்டிறேல்லை. ஆறு மீற்றர்ப் பொயிலர் சூடேறினால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளும். அவசரப்பட்டு எரிச்சால் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாமல் ஸ்ரேபோல்ற் முறியும், ரியூப் வாய் ஒழுகும். குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்கு ஒரு முழு நாள் மெல்ல மெல்லச் சூடேத்த வேணும். அந்தப் பொறுமைக்குச் சோம்பல் எண்டு பேர் வைக்காதேங்கோ.

சோம்பல் எண்ட சொல்லுக்கு வாறன். பொயிலருக்குள்ள ஒருத்தர் பூந்து இருக்க, வெளியில நிண்டு இன்னொருத்தர் ஆணி அடிப்பார். அந்தச் சத்தத்தில வருசக்கணக்கா வேலை செய்தவைக்குக் காது போயிடும். பொயிலர்க்காரரின்ர செவிடு எண்டு உலகத்தில எல்லா வேக்ஷொப்பிலயும் தெரிஞ்ச விசயம் அது. ரத்மலானையிலயும் தெமட்டகொடையிலயும் எங்கட ஊர் ஆக்களும் வேலை செய்தவை. டீசல் வந்த பிறகு உதிரிப்பாகம் இல்லை, பழக்கிவிடப் புதுப் பெடியள் இல்லை, காசு ஒதுக்கேல்லை. எஞ்சினைக் கைவிட்டது அவையோ? காது கேட்காமல் முற்றத்தில இருக்கிற ஒரு பெரியவருக்கு உங்கட வீடியோவை ஆரும் காட்டியிருக்கக் கூடாது எண்டு நேர்ந்துகொள்ளுறன்.

பெயின்ற் அடிச்சவையின்ர ஆசையை நான் குறை சொல்லேல்லை. துருவுக்கு ஒரு காவல்தான் அது. ஆனால் துரு பெரும்பாலும் உள்ளுக்க இருந்துதான் வரும். புகைபோக்கி திறந்து கிடந்தால் மழைத்தண்ணி நேர இறங்கி, பழைய கரிச்சாம்பலோட சேர்ந்து அமிலமாகி, புகைபோக்கிக்குக் கீழ இருக்கிற முன்பெட்டியின்ர அடித்தகட்டைத் தின்னும். அந்த வீடியோவில ரண்டு நிமிசம் பன்ரண்டாவது செக்கனில புகைபோக்கி தெரியுது. திறந்துதான் கிடக்கு. பொயிலர் திறக்கக் காசு சேரும் வரைக்கும், அடுத்த ஞாயிறு போறவை ஒரு தகரத்தை வெட்டிக்கொண்டு போங்கோ. சாம்பலை வழிச்சு எடுத்துப்போட்டு, உள்ளுக்கு நிக்கிற தண்ணியைத் திறந்து விட்டுக் காய விடுங்கோ. கார்த்திகை மாரி துவங்க முதல் புகைபோக்கியை மூடிவிடுங்கோ.