சுவாதிக்கே என் ஓட்டு

எனக்குப் பிடித்த நட்சத்திரம் சுவாதி. ஜாதகத்தில் எழுதியிருப்பது வேறு. அது பிறந்த நேரத்தைப் பார்த்து ஜோசியர் கொடுத்தது, இது நானே வானத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது. இப்படி ஆளுக்கொரு நட்சத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. வைத்துக்கொள்வதானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்குப் பலரோடு தகராறு.

பிடித்தது எது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வருகின்றன. முதலில் சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரகாசத்தில் பெரும்பங்கு அது பக்கத்தில் இருப்பதால் வந்தது. 8.6 ஒளியாண்டுதான் தூரம், அதாவது ஒளி அங்கிருந்து வந்துசேர எட்டரை வருடம் சொச்சம். எதிர்வீட்டு டியூப்லைட் கண்ணைக் கூசுவதால் அது பெரிய விளக்காகிவிடுமா? அடுத்தது துருவ நட்சத்திரம். இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து அது வடக்கு அடிவானத்துக்கு மேலே வெறும் 13 டிகிரியில் நிற்கிறது, கன்னியாகுமரியில் 8. நடுவில் ஒரு அபார்ட்மெண்ட் வந்தால் போச்சு. பிரகாச வரிசையில் முதல் நாற்பதுக்குள்கூட வராது.

மூன்றாவது திருவாதிரை. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது ஆளாளுக்கு வெடிக்கப் போகிறது என்று எழுதித் தள்ளினார்கள். அது கக்கிய தூசுதான் மறைத்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது, பிரகாசமும் திரும்பிவிட்டது. நல்ல நட்சத்திரம்தான். ஆனால் அதன் ரசிகர்கள் எல்லாரும் அதன் சாவுக்காகக் காத்திருக்கிற மாதிரி ஓர் உணர்வு எனக்கு. அந்தக் கூட்டத்தில் சேர மனமில்லை.

சரி, சுவாதிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆர்க்டூரஸ். வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டை அப்படியே வானத்தில் ஏற்றிய கற்பனைக் கோடு) வடக்கே உள்ள நட்சத்திரங்களில் இதுதான் மிகப் பிரகாசமானது, மொத்த வானத்தில் நான்காவது. கண்டுபிடிப்பது சுலபம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்திருக்கும் இல்லையா, அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போங்கள். கையை முழுக்க நீட்டி மூன்று முஷ்டி அளவு தள்ளினால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நிற்கும். அதுதான். அதே வளைவில் இன்னும் மூன்று முஷ்டி போனால் நீலவெள்ளையாகச் சித்திரை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் நடுவில் இரவு எட்டு மணியைத் தாண்டி வடகிழக்கில் எழும். மே பிற்பகுதியில் பத்து, பத்தரைக்கு உச்சி. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தலைக்கு மேல் சற்றே வடக்கு, மும்பைக்கு ஏறக்குறைய நேர் உச்சி. அதாவது வெக்கை தாங்காமல் மொட்டை மாடியில் பாயைப் போட்டு மல்லாந்து படுக்கிற நாட்களில், கழுத்தைத் திருப்பாமலே கண்ணில் படுகிற நட்சத்திரம். தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும். கருவி எதுவும் வேண்டாம்.

என் அத்தை சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தவர். நரசிம்மருக்கும் பெரியாழ்வாருக்கும் தனக்கும் ஒரே நட்சத்திரம் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு வைகாசியில், நரசிம்ம ஜெயந்தியன்று இரவு, மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி எந்த வானியல் மாணவரும் கேட்க வேண்டியது. "இன்னிக்குச் சுவாதி நட்சத்திரம்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு. அப்போ நிலா அதுகிட்டதானே இருக்கணும்? இது இங்க தலைக்கு மேல நிக்குது, நிலா அவ்ளோ தெற்கால தள்ளி இருக்கே?"

அத்தை சொன்னது சரி. நிலா ஒருநாளும் சுவாதிக்கு அருகில் வராது. நிலாவின் பாதை, சூரியன் போகிற பாதையிலிருந்து அதிகபட்சம் ஐந்து டிகிரி சொச்சம்தான் விலகும். சுவாதியோ அந்தப் பாதைக்கு வடக்கே சுமார் 31 டிகிரி தள்ளி நிற்கிறது. பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்கள் உண்மையில் நிலாப் பாதையின் 27 சம துண்டுகள், ஒவ்வொன்றும் 13 டிகிரி 20 கலை (60 கலை ஒரு டிகிரி). அந்தத் துண்டுக்கு அடையாளமாக ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இவற்றையெல்லாம் நிலா உரசிக்கொண்டு போகும், சில சமயம் மறைக்கவும் செய்யும். சுவாதித் துண்டின் பக்கத்தில் கண்ணைக் கவர்கிற ஆள் வேறு யாரும் இல்லாததால், அவ்வளவு தூரத்தில் இருந்த இதைப் பிடித்துப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். இதையெல்லாம் சொன்னேன். "அப்போ இது யாரோடயும் சேராம ஒதுங்கி நிக்குதுன்னு சொல்லு" என்றார் அத்தை. சொல்லும்போது முகத்தில் திருப்திதான் இருந்தது.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க நட்சத்திரப் பெயர் தெரிந்த நாட்டில், அந்த நட்சத்திரத்தை மேலே காட்டத் தெரிந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு எப்போதும் எரிச்சல். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

சுவாதி மேல் எனக்கு மரியாதை வந்தது 1718இன் கதையைப் படித்த பிறகு. அதுவரை நட்சத்திரங்கள் நகராது என்பதுதான் உலகத்தின் எண்ணம். கோள்கள் அலையும், நட்சத்திரங்கள் பதித்த இடத்தில் இருக்கும். ஹாலி, வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தாரே அவரேதான், பழைய கிரேக்கப் பட்டியல்களில் இருந்த இடங்களையும் தன் காலத்து அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சில பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவற்றில் ஒன்று சிரியஸ், இன்னொன்று நம் ஆள். பழையவர்கள் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று ஒதுக்குவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் பிரகாசமானவை பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், பக்கத்தில் இருப்பவற்றின் நகர்வுதான் முதலில் கண்ணில் படும் என்று யோசித்து, நட்சத்திரங்கள் நகர்கின்றன என்று அவர் அறிவித்தார். அத்தனை நூற்றாண்டு நம்பிக்கை ஒரு கட்டுரையில் காலி.

பளிச்சென்று தெரிகிற நட்சத்திரங்களில் சுவாதியின் வேகம் பெரியது. சூரியனை ஒப்பிட்டால் நொடிக்கு சுமார் 122 கிலோமீட்டர். வானத்தில் அது ஒரு முழுநிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஆகும். கி.பி. 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தபோது அங்கே அண்ணாந்து பார்த்தவருக்குச் சுவாதி இருந்த இடம் வேறு. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால், இன்றைய இடத்திலிருந்து ஒரு நிலா அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாக வடகிழக்கே. அந்த விமானம் அங்கேயே நிற்கிறது, இது நகர்ந்துவிட்டது.

ஏன் இந்த அவசரம்? சூரியனும் அதன் கூட்டாளிகளும் பால்வீதியின் தட்டில் ஏறக்குறைய ஒரே ஓட்டத்தில் சுற்றுகிறோம். சுவாதி அந்தக் கூட்டமில்லை. அது பழைய தலைமுறை, வேறு பாதையில் நம் தட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இன்னும் சுமார் 4,000 ஆண்டுகளில் நமக்கு மிக அருகில் வரும். அருகில் என்றால் இப்போதைய தூரத்தைவிடத் துளி குறைவு, அவ்வளவே. அதன் பிறகு விலகத் தொடங்கும், சில லட்சம் ஆண்டுகளில் மங்கி, பின்னர் வெறுங்கண்ணுக்கே எட்டாமல் போகும். மனித இனம் எழுதப் படிக்கக் கற்ற காலமும் இது பக்கத்தில் வந்த காலமும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. சுவாதியின் எடை நம் சூரியனின் எடைக்கு ஏறக்குறைய சமம், கொஞ்சம் கூட. வயதுதான் அதிகம், சுமார் 700 கோடி ஆண்டுகள். நடுவில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, ஊதி, சூரியனைப்போல் 25 மடங்கு அகலமாகி, 170 மடங்கு ஒளியைக் கொட்டுகிறது. மேற்பரப்பு ஆறியதால்தான் அந்த ஆரஞ்சு நிறம். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளில் போகப்போகிற வழி இதுதான். இதைத் தூக்கிச் சூரியன் இடத்தில் வைத்தால் புதன்வரைகூட எட்டாது, ஆனால் பூமியின் கடல்கள் மிஞ்சாது. சூரியனின் முதுமை எப்படியிருக்கும் என்று சொல்ல எந்தப் படமும் வேண்டாம். மேலே தொங்குகிறது, பாருங்கள்.

தூரம் 36.7 ஒளியாண்டு. இந்த வருடம் 37 வயதை நெருங்குகிறவர்கள் பார்க்கிற சுவாதி ஒளி, அவர்கள் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது. இந்தக் கணக்கை வைத்து அமெரிக்காவில் ஒரு வேடிக்கை செய்தார்கள். 1933 மே 27 அன்று சிகாகோவில் உலகக் கண்காட்சித் தொடக்கம். அதே நகரில் முந்தைய கண்காட்சி நடந்தது 1893இல். சுவாதி 40 ஒளியாண்டு தூரம் என்று அப்போது நினைத்தார்கள். அப்படியானால் அந்தக் கண்காட்சியின்போது கிளம்பிய ஒளி இப்போது வந்துசேரும் இல்லையா? யெர்க்ஸ் போன்ற வானாய்வகங்களின் தொலைநோக்கிகளில் அந்த ஒளியைப் பிடித்து, ஒளிமின்கலத்தில் விழவைத்து, கிடைத்த சொற்ப மின்சாரத்தைப் பெருக்கி, தந்திக் கம்பி வழியாகச் சிகாகோவுக்கு அனுப்பி, கண்காட்சி விளக்குகளைப் போட்டார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. மந்திரியைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொல்லாமல் ஒரு நட்சத்திரத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! இன்றைய அளவுப்படி அந்த ஒளி கிளம்பியது 1896இல். மூன்று வருடம் பிசகு. இருக்கட்டும், நம் ஊர் விழாக்கள் தொடங்குகிற நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஹவாய்க்காரர்களுக்கு இது ஹோகுலேயா, மகிழ்ச்சியின் நட்சத்திரம். அவர்கள் தீவுகளின் உச்சியைத் தொட்டுப் போவதால், இது தலைக்கு நேர் மேலே வந்தால் ஊர் இருக்கும் அட்சரேகைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். 1976இல் அதே பெயர் வைத்த படகு, கருவிகள் எதுவும் இல்லாமல் நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்தே தாஹிட்டி போய்ச் சேர்ந்தது.

நம் பக்கக் கதை, சுவாதி மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்பது. முத்து அப்படி உண்டாவதில்லை, உள்ளே புகுந்த வேற்றுப் பொருள் மேல் சிப்பி பூசுகிற பூச்சு அது. ஆனால் சூரியன் சுவாதித் துண்டில் இருப்பது அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும். நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற ஐப்பசி. மழைக்கணக்கைப் பொறுத்தவரை கதை கட்டியவர்மேல் குறை சொல்ல முடியாது.

எனக்கு நிஜமான போட்டி ஒரே ஒருவர்தான்: அகத்தியர், அதாவது கனோபஸ். வானத்தில் இரண்டாவது பிரகாசம், தெற்கே இருக்கும் நமக்கு நன்றாகத் தெரியும், ஐரோப்பாவில் பெரும்பகுதிக்குத் தெரியவே தெரியாது. அகத்தியர் கட்சிக்காரர்கள் வலுவாகவே பேசுவார்கள் என்று தெரியும். பிப்ரவரியில் ஒன்பது மணி வாக்கில் அவர் தெற்கே உச்சத்தில் நிற்கும்போது வாருங்கள், பேசிக்கொள்ளலாம். மே மாதத்தில் என்னோடு வாதாட வராதீர்கள். அப்போது மல்லாந்து படுத்திருப்பேன்.