பாலத்துக்கு இந்தப் பக்கமும் பினாங்குதான்

பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போதுதான் டோல். திரும்பி வரும்போது கிடையாது. பெர்ரிக்கும் முன்பெல்லாம் பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் காசு வாங்கினார்கள். ஆக, பாலம் வழியாகப் பெருநிலத்தில் இருக்கும் எங்கள் செபராங் பிறைக்கு வருவது இலவசம். அப்படியும் ஊர் பார்க்க ஒருத்தர் வருவதில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் நேரே பெர்ரிக்கு ஓடுகிறார்கள்.

கேஎல்லில் (கோலாலம்பூரில்) யாராவது ஊரைக் கேட்டால் நம்மில் பல பேர் "பினாங்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பட்டர்வொர்த், பிறை என்று சொல்லிவிட்டால் போதும், "அங்க கேங் பிரச்சனையாமே, ஆத்துப் பக்கம் நாறுமாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாமே பொய் என்று நான் சாதிக்கப் போவதில்லை. தொழிற்சாலைக் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்து, கோலா ஜூரு மீனவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது 1970களிலேயே. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்று போராடியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஆனால் செபராங் பிறை 2019இல் மாநகரமாகிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் தீவைவிட இந்தப் பக்கம்தான் ஜனம் அதிகம். இவ்வளவு பேர் குடியிருக்கும் ஊருக்கு வெறும் லாரிப் புகைதான் அடையாளமா?

இந்தக் கெட்ட பேரை மாற்ற நம் ஆட்கள் கையில் எடுப்பது பெயிண்ட் டப்பா. ஜார்ஜ்டவுன் சுவர் ஓவியங்கள் பிரபலமானதும் நாட்டில் ஊருக்கு ஊர் சந்துச் சுவரில் படம். இங்கேயும் வரைந்தார்கள், பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அசல் பதினைந்து நிமிஷப் பெர்ரி தூரத்தில் இருக்கும்போது நகலைப் பார்க்க எவன் இறங்குவான்?

தீவில் இல்லாதது எங்களிடம் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் தேவாலயத்துக்கு ஜூலைத் திருவிழாவில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வருகிறது. மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் நம் இந்துக் குடும்பங்களும் உண்டு. அதே தேவாலய வளாகத்தில் ஒரு பாறை நிற்கிறது. செரோக் தோக் குன் கல்வெட்டு, பல்லவ எழுத்து, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1786இல் தீவில் கால் வைப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பழங்காலக் கோயில் இடிபாடுகளைப் பார்க்கக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு பஸ் பிடிக்கும் நம் சங்கங்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. அரை மணி நேரம் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது செபராங் பிறையின் தெற்கே இருக்கும் நிபோங் திபால் விஷயம். கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து கிடக்கும் பெரிய பங்களாவை '99 கதவு வீடு' என்பார்கள். யூடியூப்காரர்கள் ராத்திரியில் டார்ச் லைட்டோடு பேய் தேடிப் போகிறார்கள். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கரும்பு. 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வெட்ட விட்டார்கள். பிறகுதான் ரப்பர். மலாயாவில் தோட்டத் தமிழர் கதை தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. துரை வீட்டுப் பேய்க்கு இருக்கிற விளம்பரம் லாயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்கு இல்லை. பேய்கூட அங்கே வெள்ளைக்காரப் பேய்தான்!

அட, இரும்பாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா ஆலையில், வயசான ரப்பர் மரங்களைக் கரியாக்கி அந்தக் கரியில் இரும்பு உருக்கினார்கள். தோட்டமும் தொழிற்சாலையும் ஒரே உலையில் சேர்ந்த கதை. வேறு நாடாக இருந்தால் இதற்கே ஒரு அருங்காட்சியகம் கட்டியிருப்பார்கள்.

மாநகர் மன்றம் செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு சுவரில் இன்னொரு பூனைதான் வரும். பெர்ரி முனையத்தில் மூன்று மொழியோடு தமிழிலும் ஒரு வரைபடம் வைக்கக் கேட்போம்: கல்வெட்டு, கரும்புத் தோட்டம், கோலா ஜூரு. வழிகாட்டியாக ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போதும். எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) பேச்சுக்கு ஆள் தேடும் பெரியவர்கள் நிறைய.

கலிடோனியா, பைராம் தோட்டத்துப் பழைய படங்கள் யாராவது வீட்டு அலமாரியில் இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள், லாயம், கோயில், பள்ளிக்கூடம், எதுவானாலும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று திட்ட வேண்டாம். ராஜா ஊடா சாப்பாட்டுத் தெருவுக்குத் தனிப் பதிவு வருகிறது.