முகராசி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை 'குட் நைட்' படத் திரையிடலுக்குப் பிறகு நடந்ததை வந்திருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "குறட்டையெல்லாம் ஒரு கதையா? பெடியன்ரை முகராசியிலை ஓடின படம்" என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்ல, மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'குட் நைட்' மெல்லிய கதைதான். குறட்டை விடுகிற மோகன், அவனைக் கட்டிய அனு, தூக்கம் கெட்ட வீடு. இரண்டாம் பாதி இழுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தூக்கி நிறுத்துவது மோகனாக வருகிற மணிகண்டனின் முகராசி இல்லை, நடிப்பு. 2021இல் 'ஜெய் பீம்' ராசாக்கண்ணுவாக வந்ததும் இதே முகம்தானே? அடிபட்டுக் கிடந்த அந்த மனுசனை மோகனில் எங்கேயாவது கண்டீர்களா? 2024இல் 'லவ்வர்' வந்தது. அதே முகம், அதே குரல். அதில் அவர் நடித்த காதலனுக்கு இரண்டு அறை விடலாம் போல இருந்தது எனக்கு. அப்போது முகராசி எங்கே போனது?

"இயக்குநருக்குப் பங்கில்லையா?" என்பீர்கள். விநாயக் சந்திரசேகரன் எழுதியதைத்தான் மணிகண்டன் நடித்தார், சரி. வேறொருவர் நடித்திருந்தால் அது வெறும் குறட்டைப் பகிடியாகவே முடிந்திருக்கும்.

எங்கள் அப்பாவும் குறட்டை விடுவார். 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது கொடிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கன குடும்பங்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். முதல் நாள் இராத்திரியே பக்கத்துப் பாயில் முணுமுணுப்பு. அதற்குப் பிறகு அப்பா உள்ளே படுக்கவில்லை. விறாந்தைத் தூணில் சாய்ந்து, சாரத்தால் போர்த்திக்கொண்டு இருப்பார். கண் செருகினால் தானே திடுக்கிட்டு எழும்புவார். பகலில் பெடியள் அவருக்கு முன்னால் குறட்டை விட்டுக் காட்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை மணிகண்டனிடம் கண்டேன். முகராசியால் அது வராது.

"படத்தைக் கதைக்காமல் சொந்தக் கதை சொல்கிறாள்" என்பீர்கள். சொல்லுவேன். போரும் சாவும் இருந்தால்தான் சினிமா என்று பாடம் எடுக்கிற ஆக்களே, போரில் பட்டவர்களுக்கும் சிரிக்க ஆசை இருக்கும். அப்பா போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது இந்தப் படத்துக்குத்தான். அவவின் சிரிப்புக்கு நீங்கள் தரம் பிரிக்க வேண்டாம்.

அடுத்த முறை 'லவ்வர்' போடுங்கள். முடிந்ததும் அதே ஆளிடம் மைக்கைக் கொடுங்கள், முகராசி பற்றி நான் முன்வரிசையில் இருந்து கேட்கிறேன்.