நிரந்தரமாகும் வரை ஈ.பி.எஃப். இல்லையா?

இலங்கையில் தகுதிகாண் காலத்தில் உள்ளவர்களுக்கும் நாட்சம்பளக்காரருக்கும் ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு) கிடையாது, அவர்களையும் சேர்க்கும்படி அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். கல்முனை, காத்தான்குடிக் கடைகளில் வேலை செய்யும் பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் சட்டம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, நிரந்தரமோ தற்காலிகமோ, பயிலுநரோ, துண்டு வேலைக்குக் கூலி வாங்குபவரோ, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த நிதிக்கு உரித்துடையவர்தான். ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். குடும்பத்தினர் மட்டும் வேலை செய்யும் இடம் போன்ற சில விலக்குகள் உண்டு. நெல் ஆலையும் புடவைக்கடையும் அதில் வராது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? சட்டம் தமிழிலும் இருக்கிறது. அதில் 'ஊழியர்' யார் என்று சொல்லும் விளக்கப் பிரிவைப் பாருங்கள். உங்கள் கணக்கைப் பார்க்க, தேசிய அடையாள அட்டையுடன் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போய், எந்த மாதத்திலிருந்து பணம் வரவாகியிருக்கிறது என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்த மாதத்துக்குப் பிந்தியிருந்தால் அங்கேயே முறைப்பாடு கொடுக்கலாம்.

அரசிடம் கேட்பதானால், புதுச் சட்டத்தை விட, இருப்பதை அமுல்படுத்தக் கூடுதல் தொழில் உத்தியோகத்தர்களைக் கேட்பதே பயன் என்பது என் எண்ணம்.